இரண்டு கைகளுக்கு ஒரு கேட் பாஸ்

தூத்துக்குடி மண்ணில் லைசென்ஸ் இல்லாமல் எத்தனையோ பேர் எத்தனையோ காரியம் செய்திருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லை என்பதற்காகக் கட்டின மனைவியின் முழங்காலைக்கூடத் தொட மாட்டேன் என்று நின்ற மனிதர் ஒருவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் லைசென்ஸ் அண்ணாச்சி. ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

போன மாதம் என் தங்கை பேத்தி ஃபிசியோதெரபி படித்து முடித்தாள். நாலரை வருஷப் படிப்பு. பட்டம், பயிற்சிச் சான்றிதழ், மார்க்கு, பதிவு என்று ஒரு சூட்கேஸ் நிறையக் காகிதம் வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் காட்டிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தாத்தா, கேலியா?" என்று கோபித்துக்கொண்டாள். இல்லையம்மா, இதில் ஒரே ஒரு காகிதத்துக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கப்பல் ஏஜெண்டுக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் சில மைல் தள்ளியே நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். துறைமுகத்துக்குள் யார் போவதானாலும் கேட் பாஸ் வேண்டும். ஆளின் பெயர், போகும் இடம், உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் கம்பெனி ஆட்களுக்கு அதை எழுதிக் கொடுப்பது என் வேலை. அதை வாசலில் நின்று வாங்கிப் பார்ப்பது அண்ணாச்சி வேலை.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. பத்தரை மணி வரை பாஸ் இருந்தால், பத்து இருபத்தொன்பதுக்கு ஆள் பக்கத்தில் போய் நிற்பார். ஒருநாள் எங்கள் துரையே கடலைப் பார்த்தபடி சுருட்டுப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டார். அண்ணாச்சி சல்யூட் அடித்து, "டைம் ஓவர் சார்" என்று சொல்லி அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். துரைக்கு முகம் சிவந்தது. சுருட்டும் அணைந்துபோனது.

இந்தக் கேட்டுக் காவல் எல்லாம் யுத்தத்துக்குப் பிறகு வந்த பிழைப்பு. ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்த அண்ணாச்சியை, பூனா பக்கம் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் போட்டார்கள். குண்டடி பட்டு, எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் கை கால் மடங்காமல் கிடக்கும் சிப்பாய்களுக்கு உருவிவிட்டும் பயிற்சி கொடுத்தும் நடக்க வைக்கும் வார்டு அது. அங்கே வெள்ளைக்கார மிஸ் ஒருத்தி ஒன்பது மாதம் பாடம் நடத்தினாள். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் படித்து முடித்து, பரீட்சைக்குத் தேதியும் குறித்தாயிற்று. அந்த வாரம் யுத்தம் முடிந்துவிட்டது. உலகமே சந்தோஷப்பட்ட அந்த வாரத்தில் துக்கம் காத்தவர் அண்ணாச்சி ஒருவராகத்தான் இருப்பார். வார்டைக் கலைத்தார்கள், பரீட்சை நின்றுபோனது, அவர் ஒரு தகரப்பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

படித்தது மறந்துபோகக் கூடாது என்று தினமும் காலையில் தெருக்குழாயில் தண்ணீருக்கு நிற்கும்போது இருநூற்றாறு எலும்புகளின் பெயரையும் உரக்கச் சொல்லுவார். ஸ்காப்புலா, க்ளாவிக்கிள், ஹ்யூமரஸ், ரேடியஸ், அல்னா என்று ராகத்தோடு போகும். தெருப் பெண்களுக்கு அது மலையாள மந்திரம் என்று சந்தேகம். ஒருநாள் அண்ணாச்சி காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான், இருபது குடம் அவர் வாசலில் வரிசை கட்டிவிட்டது.

"அண்ணாச்சி, முழுசும் வேண்டாம். ஒரு நாலு வரி சொல்லிட்டுப் படுத்துக்கிடுங்களேன்."

போர்வைக்குள் இருந்தபடியே கால் எலும்புகளை மட்டும் சொன்னார். சாயங்காலம் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் சொல்லச் சொல்லக் கூடச் சொல்லாத ஆள் கிடையாது.

இவ்வளவு படித்த மனிதர் ஒருவரையும் தொடமாட்டார். அதுதான் விசேஷம். அதே தெருவில் குடியிருந்த, மூட்டை தூக்கும் சுடலைமுத்து ஒருநாள் கேட்டுக்குப் பக்கத்திலேயே கால் பிசகி விழுந்தான். "அண்ணாச்சி, பிடிங்க!" என்று கத்தினான். அண்ணாச்சி ஓடி வந்தார். வந்தவர் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றுவிட்டார்.

"ஏலே, அசையாத. காலை நீட்டு. மெதுவா. பெருவிரலை ஆட்டு பாப்பம்."

"நீங்க கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன்!"

"எனக்கு லைசென்ஸ் இல்லலே."

"வலிக்கே அண்ணாச்சி!"

"வலிக்கத்தான் செய்யும். பரீட்சை எழுதாதவன் கை பட்டா இன்னும் வலிக்கும். ஆட்டுலே விரல!"

ஊரில் யாருக்கு எங்கே பிடித்தாலும் இதே கதை. வலிக்கிறவர் முனகுவார், அண்ணாச்சியின் கைகள் கக்கத்துக்குள் போகும், மூன்றடி தூரத்திலிருந்து உத்தரவுகள் வரும். "எங்க வீட்டு மனுசனுக்கு ரெண்டு கையும் கக்கத்துலதான் மொளச்சிருக்கு" என்பாள் அவர் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். பாவம், அக்காவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறினால் கண்ணில் தண்ணீர் வரும். அவளுக்கும் வாயால்தான் வைத்தியம். "தாலி கெட்டுததுக்கு எந்த ஆபீசுல லைசென்ஸ் வாங்குனீரு?" என்று அவள் ஒருநாள் தெருவே கேட்கக் கேட்டாள். அதற்கு அண்ணாச்சி, "அது வேற டிபார்ட்மெண்டு" என்று சொல்லிவிட்டார்.

அவர் லைசென்ஸுக்கு முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். என்ன தொழில் என்று கேட்டார்.

"கை கால் அசையாதவங்களுக்கு அசைவு வர வைக்கது."

"வைத்தியமா?"

"வைத்தியம் டாக்டரு பாப்பாரு. அவரு சொன்ன பெறவு நான் அசைப்பேன்."

குமாஸ்தா தன்னிடம் இருந்த விண்ணப்பப் பாரங்களை எல்லாம் மேஜையில் பரப்பினார். சைக்கிளுக்கு இருந்தது. மாட்டு வண்டிக்கு, ஜட்காவுக்கு, நாய்க்கு, டீக்கடைக்கு எல்லாம் இருந்தது. கடைசியில் அபாயமும் அருவருப்பும் உண்டாக்கும் தொழில்கள் என்று ஒரு பட்டியலை எடுத்து விரலை வைத்தார்.

"எலும்புங்கற வார்த்தை இங்கன ஒரு எடத்துலதான் இருக்கு வே. எலும்பு அரைக்கும் ஆலை. தோல் கிட்டங்கிக்கும் கருவாட்டுக் கிட்டங்கிக்கும் நடுவுல வருது. இதுல போட்டுருதேன், சம்மதமா?"

அண்ணாச்சி நிஜமாகவே யோசித்தார்.

"அரைக்கும்ங்கறதை அடிச்சிட்டு அசைக்கும்னு எழுதலாமா?"

"அச்சடிச்ச பாரத்துல கை வைக்கப்படாது."

"அப்ப வேண்டாம்."

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி, எனக்கு இந்த இடுப்பு..." என்று குமாஸ்தா எழுந்தார். அண்ணாச்சியின் கைகள் கக்கத்துக்குள் போய்விட்டன. "லைசென்ஸ் குடுங்க, இப்பவே பாக்கேன்." "இல்லாத லைசென்ஸை நான் எங்கன இருந்துவே குடுப்பேன்?" இருவரும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நாட்கள் அவை. அண்ணாச்சிக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான். "புது சர்க்காருல லைசென்ஸ் குடுப்பாங்களா தம்பி?"

நானும் கேலி செய்தவன்தான். ஒரு மத்தியானம் கேட்டு நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, "பயந்தாங்கொள்ளி அண்ணாச்சி நீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பூனாவுல ஒரு பஞ்சாபிப் பையன் தம்பி. முட்டி மடங்காது. டாக்டரு இன்னும் பத்து நாள் அசைக்கப்படாதுன்னு எழுதியிருந்தாரு. அவன் அழுதான். அவங்க அம்மையப் பாக்கணும், நடந்து போகணும்னு அழுதான். நான் எரக்கப்பட்டு லேசா மடக்குனேன். உள்ள என்னமோ அந்து போச்சு. சத்தம் கேட்டுச்சு எனக்கு. அவன் கம்பை ஊணிக்கிட்டுத்தான் ஊருக்குப் போனான்."

மிஸ் அவரை வார்டிலிருந்து துரத்தவில்லையாம். உன் கை நல்ல கை, பரீட்சை தேறி லைசென்ஸ் வாங்கும்வரை அதை எங்கேயும் வைக்காதே என்று மட்டும் சொன்னாளாம். பரீட்சை நடக்கவில்லை. எனவே அவர் எங்கேயும் வைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மிக்கேல் தண்டலுக்குத் தோள் முறிந்தது. தோணியை நடத்தும் தலைவனுக்கு எங்கள் பக்கம் தண்டல் என்று பெயர். மிக்கேல் அண்ணன் கொழும்புத் தோணி ஒன்றுக்குத் தண்டல். கரையில் நின்று பேசினால் கப்பலில் கேட்கும், அப்படி ஒரு தொண்டை. கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை அடித்துத் தோணிக்குள்ளேயே விழுந்து இடது தோள் போய்விட்டது. கட்டுப் போட்டுப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கை இடுப்புக்கு மேலே ஏறவில்லை.

தோணி முதலாளி கெட்டவர் அல்ல. ஆனாலும் முதலாளி. "கடல் தெளிஞ்சு ஆவணி கடைசியில மொதப் பயணம். பாய் ஏத்துறப்ப ஒன் ரெண்டு கையும் தலைக்கு மேல போகணும் மிக்கேலு. போகலன்னா வேற தண்டல்தான்" என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷமாகத் தண்டலாக இருந்தவர், வீட்டில் நாலு பிள்ளைகள். கேட்டுக்கு வந்து அண்ணாச்சி முன்னால் நின்றார். வந்த கையோடு அண்ணாச்சியின் கைகள் கக்கத்துக்குள் போனதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அண்ணாச்சி அவரை விட்டுவிடவில்லை. வேலை முடிந்து தினம் சாயந்திரம் தண்டல் வீட்டுக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போவேன். சுவரைப் பார்த்துத் தண்டலை நிறுத்தி, இடது கை விரல்களைச் சுவரில் நண்டு மாதிரி மேலே நடக்க விடச் சொன்னார். எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டார். கிணற்றுக் கப்பியை உத்தரத்தில் மாட்டி, நல்ல கையால் இழுத்தால் நோயாளிக் கை மேலே போகும்படி கயிறு கட்டினார். கயிறு, கப்பி என்றதும் தண்டலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் கரிக்கோடு தோள் உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றும்விட்டது.

"இதுக்கு மேல ஒரு ஆளு கை வச்சுத் தூக்கணும் தண்டல்" என்றார் அண்ணாச்சி.

"வையும்வே!"

"ஒம்ம வீட்டு அக்காவ வைக்கச் சொல்லுதேன்."

தண்டலின் மனைவி பிரகாசி அக்கா வந்தாள். அண்ணாச்சி மூன்றடி தூரத்திலிருந்து, "எடது கைய அவரு முதுகுப் பலகைல வைங்க. அங்கன இல்ல, இங்கன. ஆ, அதான் ஸ்காப்புலா. இப்ப மெதுவா..." என்றார். மெதுவாக என்ற வார்த்தை பிரகாசி அக்காவின் அகராதியில் கிடையாது. பதினெட்டு வருஷம் குடித்துவிட்டு வந்ததற்கெல்லாம் அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது மிக்கேல் அண்ணனுக்கு. "மாதாவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் நின்ற ஜட்காக் குதிரை தானாகவே கிளம்பிப் போய்விட்டது. கை ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

அன்று திரும்பி வரும்போது அண்ணாச்சி தெருமுனையில் நின்று, "மிஸ்ஸுக்கு இன்னொரு லெட்டர் எழுதுவோம் தம்பி" என்றார்.

அவருக்காக மிஸ்ஸுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. ஏற்கெனவே நாலு எழுதியிருந்தோம். எங்கே போய்ச் சேர்ந்தனவோ, பதில் இல்லை. ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. நாலே வரி. நான் கொழும்பு வழியாக ஊர் போகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் தூத்துக்குடி வருவேன், ஒரு மணிக்குக் கப்பலுக்குக் கொண்டுபோகும் லாஞ்சில் ஏற வேண்டும். ஒரு மேஜை, ஒரு நோயாளி, வெந்நீர், துண்டு தயாராக இருக்கட்டும். உனக்கு நான் ஒரு பரீட்சை பாக்கி வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி வாழ்க்கையில் முதல் தடவையாகக் காய்ச்சல் இல்லாமல் லீவு போட்டார். பட்டாளத்துச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்தார். நகத்தை வெட்டினார், மறுபடியும் வெட்டினார், ரத்தம் வந்ததும் நிறுத்தினார். பரீட்சைக்கு இடம் எங்கள் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி. ஏற்றுமதிக்காக அடுக்கியிருந்த நிலாவாரை மூட்டைகளுக்கு நடுவே மேஜையைப் போட்டோம். வயிற்றைக் கழுவும் இலைக்கு நடுவில் பரீட்சையா என்று யாரோ கேட்டார்கள். அண்ணாச்சி துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

மிஸ் வந்தாள். பனைமரத்துக்குக் கவுன் போட்டது போல உயரம். நரைத்த தலை, கையில் குடை. அண்ணாச்சியைப் பார்த்தாள். கக்கத்துக்குள் இருந்த கைகளையும் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் இருக்கும் எலும்புகளைச் சொல் என்றாள். நான்தான் மொழிபெயர்ப்பு.

இரண்டு வருஷம் தினமும் குழாயடியில் சொன்னவருக்கு வாய் திறக்கவில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கிட்டங்கி ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்காப்புலா அண்ணாச்சி, ஸ்காப்புலா!"

மிஸ் திரும்பினாள். "யார் அது?" என்று கேட்டுவிட்டு, குடையால் தன் முழங்காலைத் தொட்டு, "இது என்ன?" என்று அவனையே கேட்டாள்.

"பட்டெல்லா" என்றான் அவன். அவனுக்குப் பின்னாலிருந்து நாலைந்து பெண் குரல்கள், "அதுக்குக் கீழ டிபியா, பக்கத்துல ஃபிபுலா" என்றன. மிஸ் எழுந்தே விட்டாள். இவர்களுக்கெல்லாம் யார் பாடம் நடத்தியது என்று கேட்டாள். குழாயடியில் கேட்டுக் கேட்டுப் பழகியது என்று விளக்கினேன். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். அதற்குள் அண்ணாச்சிக்கும் வாய் திறந்துவிட்டது. திறந்த வாய் தலையிலிருந்து கால்வரை நிற்கவில்லை, மிஸ்தான் போதும் போதும் என்று கையைக் காட்டினாள்.

அடுத்தது செய்முறை. மிக்கேல் தண்டல் சட்டையைக் கழற்றிவிட்டு மேஜையில் படுத்தார். மிஸ் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு மாத வேலையைக் கேட்டறிந்தாள். "சரி. இப்போது நீ செய்து காட்டு" என்றாள்.

அண்ணாச்சி அசையவில்லை.

"மிஸ்... லைசென்ஸ்?"

"அதற்குத்தானே இந்தப் பரீட்சை?"

"அப்ப பரீட்சை முடியட்டும். லைசென்ஸ் குடுங்க, உடனே தொடுதேன்."

"நீ தொட்டால்தானே பரீட்சை முடியும்?"

"லைசென்ஸ் இல்லாம எப்படி மிஸ் தொடுவேன்?"

நான் இதை இங்கிலீஷுக்கும் தமிழுக்குமாக நாலு தடவை மாற்றிச் சொன்னேன். ஐந்தாவது தடவை இருவரில் யார் எந்தப் பக்கம் என்று எனக்கே குழம்பிவிட்டது. மணி பதினொன்றை நெருங்கியது. ஒரு மணிக்கு லாஞ்சு. அது போனால் மிஸ் போய்விடுவாள், லைசென்ஸும் போய்விடும், மிக்கேல் தண்டலின் தோணியும் போய்விடும். "இந்தாள மேசையில போட்டு நான் அசைக்கேன்!" என்று பிரகாசி அக்கா சேலையை வரிந்து கட்டினாள். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியிருந்தது. பிடிவாதம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் பஞ்சாபிப் பையன் அந்த நிமிஷம் கிட்டங்கிக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் என் சட்டைப் பையில் இருந்த கேட் பாஸ் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. மேஜை ஓரத்தில் வைத்து எழுத ஆரம்பித்தேன். ஆள்: இரண்டு கைகள். போகும் இடம்: மிக்கேல் தண்டல், இடது தோள். உள்ளே போகும் நேரம்: பதினொன்று. வெளியே வரும் நேரம்: பதினொன்றரை. மிஸ்ஸிடம் நீட்டினேன். அவள் படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படித்தாள், கையெழுத்துப் போட்டாள்.

அண்ணாச்சி அதை வாங்கினார். கேட்டில் வாங்குவது போலவே வாங்கி, திருப்பிப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, தேதியைப் பார்த்தார். "பாஸ் சரியா இருக்கு" என்றார். கைகள் வெளியே வந்தன.

அந்தக் கைகள் வேலை செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெந்நீர்த் துண்டால் தோளைச் சூடாக்கினார். ஒரு உள்ளங்கையை முதுகுப் பலகைக்கு அடியில் கொடுத்தார், மறுகையால் முழங்கையைத் தாங்கினார். தண்டல் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் தூக்கினார், இழுக்கும்போது நிறுத்தினார். அவசரமே இல்லை. சுவரில் பல்லி ஓடினால்கூடச் சத்தம் போடும் மிக்கேல் அண்ணன் வாயே திறக்கவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்கா தண்டல்?"

"வலிக்குவே. ஆனா நல்லா வலிக்கு."

கை தோளைத் தாண்டியது. காதுக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் நாலு விரற்கடை ஏறினால் தலைக்கு மேலே போய்விடும்.

"தம்பி, மணி என்ன?" என்றார் அண்ணாச்சி, திரும்பாமல்.

"பதினொண்ணு இருபது" என்றேன். என் வாழ்க்கையில் நான் மனதறிந்து சொன்ன பொய்களில் அது நல்ல பொய். ஆனால் மிஸ்ஸின் கைக்கடிகாரம் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. தண்டலின் கையை மெதுவாக இறக்கித் தலையணையில் வைத்தார். தன் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு மூன்றடி பின்னால் போய் நின்றார்.

"பாஸ் முடிஞ்சிட்டு."

"ஏ பாவி மனுசா!" என்று பிரகாசி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வெரக்கடைதானே இருக்கு! நீரு நல்லா இருப்பீரா!"

மிஸ் என்ன நடந்தது என்று கேட்டாள். துரையை வெளியேற்றிய கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒரு நிலாவாரை மூட்டை மேல் உட்கார்ந்து, குடையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு இன்னொரு பாஸ் எழுது, வெளியே வரும் நேரத்தைக் காலியாக விடு என்றாள்.

"காலியா விட்டா பாஸ் செல்லாது மிஸ்" என்றார் அண்ணாச்சி.

அவள் பாஸை என்னிடமிருந்து வாங்கினாள். வெளியே வரும் நேரம் என்ற இடத்தில், இந்தக் கைகள் ஓய்வு பெறும்வரை என்று தன் கையாலேயே எழுதினாள். தண்டலின் கை அன்றைக்குத் தலைக்கு மேலே போனது. முழுதாக அல்ல, இரண்டு விரற்கடை பாக்கி. அது போதும் என்றாள் மிஸ்.

லாஞ்சுக்குப் போவதற்கு முன் நல்ல தாளில் சான்றிதழும் எழுதினாள். இவர் என்னிடம் படித்து, பரீட்சையில் தேறியிருக்கிறார், டாக்டர் எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தால் நோயாளிக்குச் சிகிச்சை செய்யலாம் என்று இருந்தது. முத்திரை இல்லையே என்று அண்ணாச்சி முகம் வாடியது. எங்கள் ஆபீஸில் இருந்த ரப்பர் ஸ்டாம்பு ஒன்றைக் கொண்டு வந்தேன். சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது என்று இங்கிலீஷில் இருக்கும். மிஸ் அதைப் படித்துவிட்டு, தானே ஓங்கிக் குத்தினாள். படகுத்துறையில் அண்ணாச்சி சல்யூட் அடித்தார். அவள் கையை நீட்டினாள். அவர் பற்றிக் குலுக்கினார், லாஞ்சுக்காரன் மணி அடிக்கும்வரை.

டாக்டர் உத்தரவு வேண்டும் என்ற நிபந்தனையில் அண்ணாச்சிக்கு அளவில்லாத சந்தோஷம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த எல்.எம்.பி. படித்த டாக்டரிடம் சீட்டு வாங்கி, தண்டலுக்குத் தினமும் சிகிச்சை நடந்தது. ஆவணி கடைசியில் தோணி கிளம்பிய காலையில் முதலாளி கரையில் நின்றார். பாய்க்கயிற்றை மிக்கேல் அண்ணன் பிடித்தார். வலது கை மேலே போனது. இடது கை போனது. வலது, இடது. பாய் ஏறி விரிந்தது. என் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி தன் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பிரகாசி அக்காவும் தூக்கினாள். "ஏளா பிரகாசி, வாரேன்!" என்று கடலிலிருந்து தண்டல் போட்ட சத்தம் மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

இனிமேல் கூட்டம் அள்ளும் என்று நினைத்தோம். அள்ளவில்லை. அண்ணாச்சி வீட்டு அக்கா மட்டும் டாக்டர் வீட்டு வரிசையில் நின்று முழங்காலுக்குச் சீட்டு வாங்கி வந்து புருஷன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. டாக்டர் சீட்டு வேண்டும் என்றதும், எல்லாரும் எந்தச் சீட்டும் கேட்காத தைலக்காரரிடம் போய்விட்டார்கள். அண்ணாச்சி தினமும் வேலை விட்டு வந்து பெஞ்சைத் துடைப்பார், துண்டை மடித்து வைப்பார், நகத்தைப் பார்த்துக்கொள்வார். சுவரில் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கும். "வருவாங்க தம்பி" என்பார். அவர் அப்படிச் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் டாக்டரிடம் போனேன். "கழுத்து திரும்பவில்லை டாக்டர்" என்றேன். அவர் என் தலையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். அருமையாகத் திரும்பியது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்து எழுதினார்.

அண்ணாச்சி அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். துண்டை வெந்நீரில் நனைத்தார். சூடான உள்ளங்கைகள் என் கழுத்தில் வந்து உட்கார்ந்தன.

"எங்கன வலிக்கு தம்பி?"

"எல்லா எடத்துலயும் அண்ணாச்சி."

விரல்கள் கழுத்து எலும்புகள் ஏழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கின. இருநூற்றாறும் தெரிந்த மனிதருக்கு அந்த ஏழில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கை ஒரு தடவை நின்றது. மறுபடி வேலையைத் தொடங்கியது.

"பன்னெண்டு நாள் வரணும்" என்றார்.

பன்னிரண்டு நாளும் போனேன்.